பூரண ஒட்சியேற்றம்

சீனக்குடாவில் கடலைப் பார்த்தபடி நிற்கும் தேசிய நறுமணச் சேர்வைகள் அதிகார சபையின் ஆலையில் அத்தர் காய்ச்சுகிறார்கள் என்றுதான் கிண்ணியாவில் பலரும் நம்பியிருந்தார்கள். அதில் அவர்கள் பிழை எதுவுமில்லை. சைலீன், நப்தலீன் போன்ற சரக்குகளை இரசாயனப் புத்தகங்கள் எந்தக் காலத்திலோ நறுமணச் சேர்வைகள் என்று வகைப்படுத்திவிட்டன. பெயர்ப்பலகை எழுத வந்தவர் அந்தச் சொல்லை நம்பி ஓரத்தில் ஒரு மல்லிகைப் பூவும் வரைந்துவிட்டார். நஜ்முன் நிஸா அங்கே வேலைக்குச் சேர்ந்த வருடம், அவளுடைய மாமியார் உம்மு குல்சும் பெருநாளுக்கு முன் ஒரு சின்னப் போத்தலைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்து, “கொஞ்சமாப் பிடிச்சிட்டு வாங்க மகள்” என்றார். அதை முகர்ந்தால் தலை சுற்றும் என்று புரியவைக்க நிஸாவுக்கு ஒரு பின்னேரம் முழுதும் பிடித்தது.

ஆலை செய்ய வேண்டிய வேலை இதுதான். சைலீனை ஆவியாக்கி, ஏராளமான காற்றோடு கலந்து, ஊக்கி அடைத்த ஆயிரக்கணக்கான இரும்புக் குழாய்களுக்குள் செலுத்த வேண்டும். உள்ளே அது எரியும், ஆனால் அரைகுறையாகத்தான் எரிய வேண்டும். பாதியில் நின்றால் தலிக் நீரிலி என்ற வெள்ளைத் தூள் கிடைக்கும். பெயின்றுக்கும் பிளாஸ்டிக்குக்கும் அது தேவை. முழுக்க எரிந்தால் புகைதான் மிச்சம். எரிவின் சூட்டை, குழாய்களைச் சுற்றி ஓடும் உருகிய உப்பு ஓயாமல் வாங்கிக்கொண்டு போக வேண்டும். உப்பின் ஓட்டம் குறைந்தால் சூடு சூட்டைப் பெருக்கும். அதற்குப் பிறகு அது யார் சொல்லையும் கேட்காது.

நிஸாவின் வேலை, பன்னிரண்டு வெப்பமானிகளைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்துப் படிவத்தில் எழுதுவது. அவள் சேர்ந்து நாலு வருடமாக ஆலை ஓடவில்லை. ஆனாலும் படிவம் நிரப்பப்பட்டது. முப்பது, முப்பத்தொன்று, மழை நாளில் இருபத்தெட்டு. இரண்டாம் வருட முடிவில், வெப்பநிலையைச் சீராகப் பேணியமைக்காக அவளுக்கு ஒரு பாராட்டுக் கடிதமும் வந்தது.

பிறகு அமைச்சர் வருவதாகச் செய்தி வந்தது. நாலு வருடம் முடியாதது பதினாறு நாளில் முடிந்தது. ஆலை ஓடத் தொடங்கியது. புதன்கிழமை திறப்பு விழா. அதற்கு முதல்நாள் செவ்வாய், காலை ஒன்பதே காலுக்கு, ஏழாம் இலக்க வெப்பமானி நானூற்று ஐம்பத்தெட்டு என்று காட்டியது. படிவத்தின் அடியில் சிவப்பு மையில் அச்சடித்திருந்தது: உச்ச எல்லை 450.

நிஸா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். நானூற்று ஐம்பத்தொன்பது. படிவத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

கீழ்த் தட்டில் சைலீன் வால்வுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் சிந்துஜன் உட்கார்ந்திருந்தான். உவர்மலைப் பெடியன், கம்பஸில் இரசாயனம் படித்தவன். அந்த வால்வைத் திறப்பதும் மூடுவதும்தான் அவன் உத்தியோகம். அவள் இலக்கத்தைச் சொன்னதும் அவன் எழுந்துவிட்டான்.

“உப்புப் பம்ப் ஒண்டுதான் ஓடுது அக்கா. சத்தத்தைக் கேளுங்கோ.”

“மற்றது?”

“மற்றதின்ர மோட்டரைத் திங்கக்கிழமை கழட்டிக்கொண்டு போயிட்டினம். வாசல்ல நீரூற்றுக்குப் பூட்ட.”

நிஸா வாசல் பக்கம் பார்த்தாள். விழாவுக்காகக் கட்டிய தொட்டியில் பச்சையும் சிவப்புமாகத் தண்ணீர் பனை உயரம் எழுந்து விழுந்துகொண்டிருந்தது. அந்த மோட்டரின் பலம் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

“சூடு மிஞ்சினா ஆலை தன்பாட்டில நிக்கும் எண்டு சொன்னீங்களே.”

“அந்த வயரையும் கழட்டிட்டினம். அமைச்சர் நிக்கேக்க ஆலை நிண்டிட்டா அவமானமாம்.” சிந்துஜன் குரலைத் தாழ்த்தினான். “அக்கா, உள்ள போறது சைலீன் எண்ணெய் மட்டும் இல்லை. காத்தோட கலந்துதான் போகுது. ஐந்நூறைத் தாண்டினா அந்த நெருப்பு குழாய்க்குள்ளேயே நிக்கும் எண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது. பின்னால திரும்பி வந்துதெண்டா தாங்கி வரைக்கும் போகும்.”

தாங்கி என்றது நாற்பது தொன் சைலீன் நிறைந்த வெள்ளைத் தாங்கி. அதன் நிழலில்தான் விழா மேடை போட்டிருந்தார்கள். மேடைக்கு முன்னால் ஆளுயரக் குத்துவிளக்கு ஒன்றும் இருந்தது. ஒத்திகைக்காக அதன் ஐந்து திரிகளையும் கொளுத்தியிருந்தார்கள்.

“அப்ப வால்வை மூடுங்க.”

சிந்துஜன் வால்வுச் சக்கரத்தைக் காட்டினான். கம்பி சுற்றி ஈய முத்திரை அடித்திருந்தது. பணிப்பாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி இதைத் தொடுபவர் உடன் பணிநீக்கம் செய்யப்படுவார் என்று மூன்று மொழியிலும் அட்டை தொங்கியது. தமிழில் மட்டும் ‘தொடுபவர்’ என்பது ‘தொடர்பவர்’ என்று விழுந்திருந்தது.

நிஸா மேலே திரும்பிப் பாதுகாப்புப் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்தாள். பாதுகாப்புப் பிரிவு ஆலையில் இல்லை. ஆலைக்குள் வேலை செய்வது பாதுகாப்பானதல்ல என்று அந்தப் பிரிவே அறிக்கை எழுதி, உவர்மலையில் வாடகைக்கு ஒரு கந்தோர் எடுத்துப் போய் மூன்று வருடம். அங்கே இருந்த அதிகாரி நுஸ்கியின் முகத்தை அவள் கண்டதில்லை. குரல் மட்டும் பழக்கம்.

“நானூற்று அறுபத்திமூண்டு, சேர். ஏறிக்கொண்டே போகுது.”

“விபத்தா, தங்கச்சி?”

“இன்னும் இல்லை.”

“விபத்துக்குப் படிவம் பதினாலு. காயத்துக்குப் பதினஞ்சு. நடக்கப்போற விபத்துக்குப் படிவம் இல்லை.” கடதாசி புரட்டும் சத்தம் கேட்டது. “நடந்த பிறகு நீங்களே ஒப்பம் வைச்சு அனுப்ப வேணும். வேற ஆள் வைச்சா எடுக்க மாட்டாங்க.”

“நடந்த பிறகு ஒப்பம் வைக்க நான் இருக்க மாட்டேன், சேர்.”

“அது உண்மையிலேயே ஒரு குறைபாடுதான்,” என்றார் நுஸ்கி. “அடுத்த மீளாய்வுக் கூட்டத்தில போடுறன்.”

ஒன்பதரைக்கு நானூற்று அறுபத்தேழு. படிவத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிஸா மேடைக்கு ஓடினாள். ஓடும்போதுதான் முரசுச் சத்தம் கேட்டது. அமைச்சரை வரவேற்கக் கிண்ணியாவிலிருந்து பாடசாலை வாத்தியக் குழுவை ஒத்திகைக்கு அழைத்திருந்தார்கள். நாற்பத்திரண்டு பிள்ளைகள், வெள்ளை உடுப்பில், தாங்கிக்கும் ஆலைச் சுவருக்கும் நடுவில் வரிசையாக நின்றார்கள். இரண்டாம் வரிசையில் சின்ன முரசோடு நின்ற ஷிஃபானா நிஸாவின் மகள். பதினொரு வயது. காலையில் சப்பாத்துக்கு வெள்ளை பூசிவிட்டதே நிஸாதான். ஒத்திகை விளையாட்டு மைதானத்தில் என்றல்லவா கடிதம் வந்தது என்று அவள் நினைத்தாள்.

மேடையில் பணிப்பாளர் நாயகம் குணரத்தினம் ஒரு வெறும் கதிரைக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார். அமைச்சருக்குப் பதிலாக அந்தக் கதிரைக்கு மாலை போட்டிருந்தார்கள்.

“கௌரவ அமைச்சர் அவர்களே, எமது ஆலையில் கடந்த நான்கு வருடங்களில் ஒரு விபத்துக்கூட நிகழவில்லை. ஆலை ஓடவில்லையே என்று சிலர் குறை சொல்வார்கள். ஓடாமலே இந்தச் சாதனையை எட்டினோம் என்பதுதான் எங்கள் பெருமை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கே நடப்பது பகுதி ஒட்சியேற்றம் என்று எனது பொறியியலாளர்கள் எழுதியிருந்தார்கள். பகுதி என்றால் என்ன? அரைகுறை. அரச நிறுவனம் ஒன்று அரைகுறை வேலை செய்யலாமா? ஆகவே பெயர்ப்பலகையில் பூரண ஒட்சியேற்றம் என்று திருத்தி எழுதப் பணித்தேன்.”

பூரண ஒட்சியேற்றம் என்றால் எல்லாம் எரிந்து புகையாவது. அதை அவருக்கு எடுத்துச் சொன்ன பொறியியலாளர் இப்போது விடுமுறையில் இருந்தார். விடுமுறை அவர் கேட்டதல்ல.

கைதட்டல் அடங்கும்வரை நிஸா காத்திருந்தாள். பிறகு படிவத்தை நீட்டினாள்.

“சேர், எல்லை நானூற்று ஐம்பது. இப்ப நானூற்று எழுபது இருக்கும். வால்வை மூட ஒரு ஒப்பம் வேணும். இல்லாட்டி அந்த நீரூற்று மோட்டரையாவது திருப்பித் தாங்கோ.”

குணரத்தினம் படிவத்தை வாங்கினார். அவருடைய மேலுதட்டில் வியர்வை அரும்பியதை நிஸா கண்டாள். அவருக்கும் இரசாயனம் தெரியும். முப்பது வருடத்துக்கு முன் அதில் பட்டம் எடுத்தவர். ஒரு கணம் அவர் ஒப்பம் வைத்துவிடுவார் என்றுதான் அவள் நம்பினாள்.

“பிள்ளை,” என்றார் மெதுவாக, “நான் மூடச் சொன்னா நான்தான் மூடினது எண்டாகும். நாளைக்கு அமைச்சர் வந்து ஏன் ஓடேல்லை எண்டு கேட்டா யார் பதில் சொல்றது? தன்பாட்டில வெடிச்சா அது இயந்திரக் கோளாறு. விளங்குதா?”

“பிள்ளையள் நிக்குதுகள், சேர்.”

“அதுதான் அவசரக் கூட்டம் ஒண்டு போடுவம்.”

கூட்டம் உடனே கூடியது. ஐந்து பேர், தேநீர், மரக்கறி ரோல்ஸ். நிஸாவை வாசலில் நிற்கச் சொன்னார்கள், கேட்டால் பதில் சொல்ல. ஒருவரும் கேட்கவில்லை. நானூற்று எழுபது என்பது அவசரமா என்பதை ஆராயும் அவசரக் கூட்டத்துக்கு முன்னறிவித்தல் கொடுக்கப்பட்டதா என்பதில் முதல் பதினோரு நிமிடம் போனது. பிறகு நிதிப் பணிப்பாளர், எல்லையை மீறிய வெப்பநிலையைக் குறைக்கச் செலவாகும் என்றும், எல்லையை உயர்த்தச் செலவில்லை என்றும் எடுத்துக்காட்டினார். இரண்டு பேர் வழிமொழிந்தார்கள். உச்ச எல்லை ஐந்நூறு என்று சுற்றுநிருபம் தட்டச்சாகி வந்தது.

ஒப்பம் வைத்துக்கொண்டே குணரத்தினம் சாரதியைக் கூப்பிட்டு, காரை வாசல் படலைப் பக்கம் முகம் திருப்பி நிறுத்தச் சொன்னார்.

“இனிச் சாதாரணம்தான், பிள்ளை. போய் வேலையைப் பாருங்கோ.”

“ஐந்நூறும் தாண்டினா, சேர்?”

நிர்வாகப் பணிப்பாளர் தொண்டையைச் செருமினார். “பன்னிரண்டு வெப்பமானியில பதினொண்டு ஒழுங்காத்தானே காட்டுது. ஏழாம் இலக்கம் மட்டும் ஏன் இப்படி? நாலு வருடமா முப்பத்தொண்டு காட்டினது, விழாவுக்கு முதல்நாள் மாறினதில ஏதோ உள்நோக்கம் இருக்கு.” இதற்கு எல்லோரும் தலையாட்டினார்கள். விசாரணை முடியும்வரை ஏழாம் இலக்க வெப்பமானியை இடைநிறுத்துவதென்றும், அதன் அளவீட்டை எவரும் பதியக்கூடாதென்றும் தீர்மானமாயிற்று. கடிதத்தின் பிரதி ஒன்று வெப்பமானிக்கும் போனது. ஒரு எழுதுநர் அதைக் கொண்டுபோய் அந்தச் சிவப்பு இலக்கங்களுக்கு மேலேயே பசை தடவி ஒட்டினார்.

நிஸா கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பியபோது கடதாசி ஊடாகச் சிவப்பு மங்கலாகத் தெரிந்தது. அவள் நகத்தால் கிழித்தாள். நானூற்று எண்பத்தெட்டு. தரை மெல்ல அதிர்ந்தது. குழாய் மூட்டில் வழமையாகப் படியும் வெள்ளைப் பளிங்கு ஊசிகளைக் காணவில்லை. இனிப்பான ஒரு கருகல் மணம் வந்தது. உள்ளே தூள் உண்டாகவில்லை, எல்லாம் எரிகிறது என்று அர்த்தம்.

ஓடலாம் என்று நினைத்தாள். பின்வாசலால் இறங்கினால் கடற்கரை, நாலு நிமிடம். முரசு அடித்துக்கொண்டே இருந்தது.

அவள் இறங்கி ஓடியது பிள்ளைகளிடம். வாத்தியக் குழுவுக்குப் பொறுப்பான நபீஸா ரீச்சர் நிஸாவோடு ஒன்றாகப் படித்தவர். முகத்தைப் பார்த்ததுமே தடியை இறக்கிவிட்டார்.

“ரீச்சர், பிள்ளையள வெளிய கொண்டு போங்க. காரணம் கேட்காதீங்க. தாங்கிப் பக்கம் போகாம, ரோட்டால, ஏலுமான தூரம்.”

படலையில் காவலாளி மறித்தார். உள்ளே வந்த ஒவ்வொருவரும் வெளியேறத் தனித்தனி அனுமதிச் சீட்டு வேண்டும்; நாற்பத்திரண்டு சீட்டு; ஒப்பம் வைப்பவர் கூட்டத்தில். ரீச்சர் அவரை அமைதியாகப் பார்த்தார்.

“பிள்ளையளுக்கு ஒண்டுக்குப் போகணும்.”

“உள்ளதான் இருக்கே.”

“அது அமைச்சருக்கெண்டு பூட்டிக் கிடக்கு. நாற்பத்திரண்டு பேரும் இந்த முற்றத்தில இருக்கவா? நாளைக்கு விழா.”

காவலாளி புதுச் சீமெந்து முற்றத்தைப் பார்த்தார். படலை திறந்தது. ஷிஃபானா திரும்பி, “உம்மா, நீங்களும் வாங்களேன்” என்றாள்.

“வாறன் மகள். நடங்க. முரசை நபீஸா ரீச்சர்ட குடுத்திட்டு வேகமா நடங்க.”

வெள்ளை உடுப்புகள் வளைவில் மறைந்த பிறகுதான் அவள் திரும்பினாள். சுவரைப் பிடித்துப் பிடித்து வால்வடிக்கு வந்தாள்.

சிந்துஜன் காதைப் பொத்திக்கொண்டு நின்றான். குழாய்கள் உறுமின.

“எவ்வளவு அக்கா?”

“நான் பார்க்கேக்க எண்பத்தெட்டு. இப்ப தொண்ணூறும் தாண்டியிருக்கும். மூடுங்க தம்பி.”

“கை வைச்சா வேலை போயிடும். அப்பா படுக்கையில. நான் மட்டும்தான்...” அவன் அழுதுகொண்டிருந்தான்.

“அப்ப நீங்க தள்ளி நில்லுங்க. நான் வைக்கிறன். மூடினதும் காத்தை நிப்பாட்டணுமா?”

“இல்லை. காத்து ஓட வேணும். எண்ணெய் மட்டும்தான் நிக்க வேணும்.”

முத்திரைக் கம்பியைப் பிடித்து இழுத்தாள். அறவில்லை. விரலில் இரத்தம் வந்தது. சுவரில் தொங்கிய தீயணைப்புக் கோடாலி ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது, அதற்கும் முத்திரை. நிஸா சிந்துஜனின் கதிரையைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தாள். கோடாலியின் முனையைக் கம்பிக்குள் விட்டு நெம்பியதும் ஈயம் தெறித்தது. சக்கரத்தைப் பிடித்தாள். அசையவில்லை. வாயில் வந்த ஓதலெல்லாம் பாதியிலேயே மறந்துபோனது.

அப்போது அவள் கைக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கைகள் வந்தன.

“வலப்பக்கம் அக்கா,” என்றான் சிந்துஜன். “என்னோட சேர்ந்து தள்ளுங்கோ.”

சக்கரம் கீச்சிட்டுக்கொண்டு சுற்றியது. பன்னிரண்டரைச் சுற்று. சைலீன் நின்றது. காற்று மட்டும் ஓடியது. இரண்டு பேரும் படியேறி மேலே போனார்கள். கிழிந்த கடதாசிக்குள் ஐந்நூற்று நாலு. எண்ணெய் நின்ற பிறகும் ஏறியது, ஐந்நூற்று ஆறு. சிந்துஜன் கண்ணை மூடிக்கொண்டான். நிஸா மூடவில்லை. ஐந்நூற்று ஆறு. ஐந்நூற்று ஆறு. ஐந்நூற்று மூன்று. நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. பிறகு அது படியிறங்குவதுபோல் இறங்கியது. நிஸா தரையில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த குப்பைத் தொட்டியை இழுத்து அதற்குள் வாந்தி எடுத்தாள்.

மறுநாள் விழா குறைவின்றி நடந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஆலை ஓடிய பதினோரு நாளில் கிடைத்த வெள்ளைத் தூளை ஒரு போத்தலில் போட்டு அமைச்சரிடம் கொடுத்தார்கள். அவர் அதைச் சீனி என்று நினைத்து நன்றி சொன்னார். ஆலைச் சுவரைத் தொட்டுப் பார்த்து, இவ்வளவு பெரிய உலை இவ்வளவு குளிர்ச்சியாக இருப்பது முகாமைத்துவத்தின் திறமை என்றும் பாராட்டினார்.

நிஸாவின் விசாரணை மூன்று வாரம் கழித்து உவர்மலைக் கந்தோரில் நடந்தது. தலைமை தாங்கியவர் கேட்டவை அதிகமில்லை.

“நீங்கள் முத்திரையை உடைத்தபோது, ஏற்கத்தக்க வெப்பமானிகள் எதுவும் ஐந்நூறைத் தாண்டவில்லை. ஏழாம் இலக்கம் அப்போது இடைநிறுத்தத்தில் இருந்தது. இடைநிறுத்தப்பட்ட ஒன்றின் சாட்சியை நீங்கள் ஏற்றதேன்?”

“அது உண்மையைச் சொன்னது, சேர்.”

“ஆலை வெடித்ததா?”

“இல்லை.”

“அப்படியானால் ஆபத்து இருக்கவில்லை. ஆபத்து இல்லாதபோது ஏன் மூடினீர்கள்?”

“பயந்திட்டன்.”

எழுதுநர் நிமிர்ந்து பார்த்தார். தலைவர் அந்தச் சொல்லை அப்படியே எழுதச் சொன்னார்: குற்றம் சாட்டப்பட்டவர் பயத்தை ஒப்புக்கொண்டார். பயம் அலுவலக நேரத்தில் நிகழ்ந்ததா என்றும் கேட்டு எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு அன்றே வந்தது. நிஸா பணிநீக்கம். சிந்துஜனுக்குப் புல்மோட்டைக் கிளைக்கு இடமாற்றம்; அங்கே கிளை இருந்தது, வால்வு இருக்கவில்லை. ஆலை திங்கட்கிழமை மீண்டும் ஓடும். நீரூற்று எல்லோருக்கும் பிடித்துப்போனதால் மோட்டர் அங்கேயே நிற்கும்.

கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு அவள் படியிறங்கும்போது பின்னால் ஒருவர் ஓடிவந்தார். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு, கக்கத்தில் பைல் கட்டு. “தங்கச்சி,” என்றதுமே அவளுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. நுஸ்கி.

“வால்வுக்கு இனி என்னைப் போட்டிருக்காங்க,” என்றார். “பாதுகாப்பு அதிகாரி பாதுகாப்பான இடத்தில இருக்கிறது முறையில்லையாம். திங்கக்கிழமை காலை ஆறு மணிக்கு.” அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலை இறக்கினார். முகம் வெளிறியிருந்தது. “நான் வால்வைப் படத்திலதான் பாத்திருக்கன். அதை மூட எந்தப் பக்கம் திருப்பணும்?”

“வலப்பக்கம், சேர்.”

அவர் பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதப் போனார். பேனா நின்றுவிட்டது.

“என்ட வலமா, உங்கட வலமா?”

இருவரும் எதிரெதிரே நின்றிருந்தார்கள். பஸ் வந்து நின்று ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது. அவள் போகவில்லை. படியில் திரும்ப ஏறி, அவருக்குப் பக்கத்தில், அவர் பார்த்த அதே திசையைப் பார்த்து நின்றாள். கைப்பையைத் தரையில் வைத்தாள். இரண்டு கையாலும் வெறுங்காற்றில் ஒரு சக்கரத்தைப் பிடித்து, மெதுவாகத் திருப்பிக் காட்டினாள்.

நுஸ்கி பைல் கட்டைக் கீழே போட்டுவிட்டுத் தானும் பிடித்தார். இடப்பக்கம் திருப்பினார்.

“இல்லை, சேர். இந்தப் பக்கம்.” அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துத் திருத்தினாள். மேலே யன்னலில் யாரோ சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“பன்னிரண்டரைச் சுற்று. எண்ணெய்தான் நிக்க வேணும், காத்தில கை வைக்கக் கூடாது. ஒப்பத்துக்கு ஓடாதீங்க. திரும்பவும் செய்ங்க.”

அவர் செய்தார்.

“இன்னொருக்கா, சேர்.”